குரங்கு வந்துதான் குடும்பம் நடத்தவேணுமோ?

இஞ்ச வா தம்பி, நீயும் வா பிள்ளை. லிஃப்ட் இண்டைக்கும் வேலை செய்யேல்லையாம். நல்லதாப் போச்சு, இருங்கோ. கிழவன் ரெண்டு கதை சொல்லவேணும்.

வீட்டுக்குள்ள இருந்தால் அலுப்படிக்குதெண்டு ஞாயிறு ஞாயிறாய் ஹெவ்லொக் சிற்றி மோலுக்கு வெளிக்கிடுறியளாம். போங்கோ, நான் என்ன மறிக்கிறனே? ஹெவ்லொக் சிற்றி மாடியள் நிக்கிற காணி முந்தி வெள்ளவத்தை நெசவு மில் காணி. 1933 இல தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்த பேர்பெற்ற மில். அப்ப அங்க பஞ்சை நூலாக்கினவை. இப்ப நீங்கள் போய் உங்கட சம்பளத்தை நூல் நூலாய்ப் பிரிச்சுப்போட்டு வாறியள். அதுவும் ஒரு கைத்தொழில்தான். ஆனா மோனை, திரும்பி வரேக்க உங்கட முகத்தைப் பார்த்தால் செத்தவீட்டுக்குப் போய் வந்த ஆக்கள் மாதிரியெல்லோ கிடக்கு!

நீங்கள் ரெண்டுபேரும் மனம்விட்டுச் சிரிக்க நான் கண்டது 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. பாணந்துறை உபமின்நிலையத்துக்குள்ள ஒரு குரங்கு பூந்ததால இலங்கை முழுக்கக் கரண்ட் போச்செண்டு அமைச்சரே சொன்னவர். ஃபான் நிண்டது, டிவி நிண்டது, வைஃபையும் நிண்டது. நீங்கள் பல்கனியில கால்நீட்டியிருந்து வத்தகப்பழம் திண்டியள். விதையை ஆர் கூடத் தூரம் துப்பிறதெண்டு போட்டி வேற. கீழ நிண்டு தலையைத் தடவினது நான்தான். பிறகு கரண்ட் வந்தது, சிரிப்புப் போச்சு. ஒரு வீட்டில புருசனும் பெண்சாதியும் கதைக்கிறதுக்குக் குரங்கு வந்து உதவவேணுமோ?

தம்பி, முதல் புத்தி உனக்கு. தேங்காய் விலை இருநூறு ரூபாயைத் தாண்டினதைக் கண்டனாங்கள்தானே. அவ்வளவு விலைப்பட்ட சாமானை அவளிட்டைத் தனிய விடலாமே? திருவலையை இழுத்துப் போட்டு நீ இரு. நீ திருவ, அவள் சொதிக்கு வெங்காயம் மிளகாய் அரியட்டும். நடுவில ஒரு தேங்காய்ச் சொட்டு ஆற்றையோ வாய்க்குள்ள போகும். ஆற்றை வாய், ஆற்றை கை எண்டு நான் கேக்கமாட்டன். இடியப்பத்தை வெள்ளவத்தைக் கடையில வாங்குங்கோ, குற்றமில்லை. சொதியை மட்டும் வீட்டில வையுங்கோ.

பிள்ளை, உனக்கொரு மருந்து சொல்லுறன். காலி வீதியில ஊர்ச் சாமான் விக்கிற கடையில புழுக்கொடியல் கிடக்கும். பனங்கிழங்கை அவிச்சுக் காயவைச்சது. பல்லுக்கு நல்ல வேலை வைக்கும். சண்டை வாறமாதிரிக் கிடந்தால் அவனுக்கொரு துண்டு, உனக்கொரு துண்டு. கடிச்சு முடியுமட்டும் ஒருத்தருக்கும் வாய் திறக்கேலாது. முடிஞ்சபிறகு சண்டை என்னத்துக்கெண்டு ஞாபகமும் இராது. நாங்கள் அப்பிடித்தான் காலந்தள்ளினாங்கள். பிறகு நான் பல்லுக் கட்டினன், மனுசி புழுக்கொடியலை இடிச்சுத் தரத் தொடங்கினா. அண்டையிலிருந்து எங்கட வீட்டில சண்டை கூடிப்போச்சு.

லீவில்லை எண்டு சாட்டுச் சொல்லாதேங்கோ. 1966 இலயிருந்து 1971 வரைக்கும் இந்த நாட்டில ஞாயிறு லீவே இல்லை. சந்திரனைப் பார்த்துத்தான் போயா லீவு. அது எந்தக் கிழமையில வருமெண்டு கலண்டரைப் பார்த்தால்தான் தெரியும். அப்பவும் குடும்பம் நடந்தது; பிள்ளையளும் பிறந்தவை. உங்களுக்கு இப்ப சனி ஞாயிறும் கிடக்கு, மாதம் மாதம் பூரணைப் போயாவும் கிடக்கு. அண்டைக்குச் சாராயக் கடையும் பூட்டு. தம்பிக்கு வேற அலுவல் இராது. பொழுதுபட டபிள்யூ. ஏ. சில்வா மாவத்தையால நடந்து, காலி வீதியைக் கடந்து, மரைன் டிரைவில போய் நில்லுங்கோ. கடலைப் பார்க்கவும் காசில்லை, கரையோரம் போற ரயிலைப் பார்க்கவும் காசில்லை. கச்சான் மட்டும் ஒரு சுருள் வாங்குங்கோ. ரெண்டு வாங்கினியளோ, ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு திம்பியள்.

கடைசியாய் ஒண்டு. ராச்சாப்பாட்டு நேரம் ரெண்டு போனையும் அரிசி வாளிக்குள்ள போட்டு மூடுங்கோ. கந்தோரில அவசரமெண்டால், அவை விடியவும் அவசரப்படுவினம். சாப்பிட்டு முடிய ஒரு பிளேன்ரீ, கடிக்கப் பனங்கட்டி, பக்கத்தில ஆள். இதுக்கு மேல கொழும்பில ஆருக்கும் ஒண்டும் கிடைக்கிறேல்லை. நம்பாட்டில் இண்டைக்கே செய்து பாருங்கோ. பலிக்காட்டி வந்து என்னைப் பேசுங்கோ. பலிச்சால் எனக்கும் கொஞ்சம் புழுக்கொடியல் தாங்கோ, இடிச்சு.