டாஸை மறுபடி எழுதியவர்கள்

சென்னை ரிச்சி தெருவில் லேப்டாப் வாங்கப் போனால் கடைக்காரர் கேட்பார்: "விண்டோஸோட வேணுமா சார், டாஸ் மெஷின் போதுமா?" டாஸ் மெஷின் என்றால் விலை சில ஆயிரம் குறைவு. பலருக்கு அதற்கு மேல் அதைப் பற்றித் தெரியாது. வீட்டுக்குக் கொண்டுவந்த கையோடு, சில சமயம் கடையிலேயே, உள்ளே இருப்பதை அழித்துவிட்டு வேறொன்றைப் போட்டுக்கொள்வார்கள். அப்படி அழிபடுவதன் பெயர் ஃப்ரீடாஸ். அதன் முதல் முழுமையான பதிப்பு வெளிவர 12 ஆண்டுகள் பிடித்தன. யாரென்றே தெரியாதவர்கள் சம்பளம் வாங்காமல் எழுதியது அது. ஒவ்வொரு முறை அதை அழிப்பதைப் பார்க்கும்போதும் எனக்கு மனம் கேட்பதில்லை.

90களின் தொடக்கத்தில் நான் மதுரையில் கம்ப்யூட்டர் படித்த சென்டரில், செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் ஏசி அறைக்குள் போகவேண்டும். டாஸ் ஃப்ளாப்பியைச் செருகி, கறுப்புத் திரையில் எழுத்து மினுங்கக் காத்திருப்போம். அப்புறம் வேர்ட்ஸ்டார், லோட்டஸ், டிபேஸ். டாஸ் என்ற அந்த இயங்குதளம் மைக்ரோசாஃப்ட்டின் சொத்து. அதன் மூல நிரலை எங்களில் யாரும் பார்த்ததில்லை. பார்க்கக் கேட்கலாம் என்றுகூட யாருக்கும் தோன்றியதில்லை. கொஞ்ச நாளில் நான் கிளிப்பர் மொழியில் பில் போடும் புரோகிராம் எழுதி அரிசி மண்டிகளுக்கும் ஜவுளிக்கடைகளுக்கும் கொடுத்துப் பிழைக்கத் தொடங்கினேன். 1994ல் டாஸ் 6.22 வந்தது. 1995ல் விண்டோஸ் 95 வந்ததும் இனி டாஸ் கிடையாது என்று எல்லோரும் சொன்னார்கள். என் மண்டிக்காரர்களின் கொள்முதல், பாக்கி, வட்டி எல்லாம் டாஸில் இருந்தது. சொன்னவர்கள் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

எனக்குத் தெரியாமலே ஒருவர் இதே கவலையை எனக்கு முன்பே பட்டிருந்தார். ஜிம் ஹால், அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ரிவர் ஃபால்ஸ் வளாகத்தில் இயற்பியல் மாணவர். ஆய்வகக் கணக்குகளை டாஸில் செய்துவந்தவர். அடுத்த விண்டோஸோடு டாஸ் போய்விடும் என்று தெரிந்ததும், லினக்ஸ் வளர்ந்துகொண்டிருந்த விதம் அவருக்குத் தைரியம் கொடுத்தது. 1994 ஜூன் 29ல், டாஸை நாமே எழுதிப் பொதுவில் வைப்போம் என்று அறிவித்தார். முதலில் வைத்த பெயர் பிடி-டாஸ். சீக்கிரமே அது ஃப்ரீடாஸ் ஆனது.

ஹாலும் அவரோடு சேர்ந்தவர்களும் எங்கே தொடங்கினார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. நடுவிலிருக்கும் கெர்னலை எழுதிவிட்டுத்தான் மற்றது என்று அவர்கள் உட்காரவில்லை. டாஸின் வெளிக்கட்டளைகள் ஒவ்வொன்றும் தனித்தனிக் குட்டிப் புரோகிராம். அவற்றை ஒவ்வொன்றாக எழுதி, மைக்ரோசாஃப்ட்டின் டாஸ் மேலேயே ஓட்டிப் பார்க்கலாம். குடியிருந்துகொண்டே ஒவ்வொரு தூணாக மாற்றி வீட்டைப் புதுசாக்குவதுபோல வேலை நடந்தது. ஹால் தான் ஏற்கெனவே எழுதி வைத்திருந்த சின்னக் கருவிகளைக் கொடுத்தார். கட்டளைகளை வாங்கிச் செயல்படுத்தும் கமாண்ட்.காம் டிம் நார்மனிடமிருந்து வந்தது. பாட் வில்லானி வேறு தேவைக்காக முன்பே சி மொழியில் எழுதி வைத்திருந்த கெர்னலைத் தந்தார். டிஸ்கைச் சீராக்கும் டிஃப்ராக்கை இம்ரே லேபர் எழுதினார்.

கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் டாஸின் கையேட்டில் உள்ளதை மட்டும் எழுதினால் போதாது. ஃபைலைத் திற, படி, எழுது என்று புரோகிராம்கள் டாஸைக் கேட்கும் வழி இன்டரப்ட் 21. அதில் கையேட்டில் சொல்லப்படாத அழைப்புகள் ஏராளம். டாஸ் தன் உள்கணக்குகளை நினைவகத்தில் எந்த இடத்தில், எந்த வரிசையில் வைத்திருக்கிறது என்பதையும் பல புரோகிராம்கள் எட்டிப் பார்த்து அதை நம்பி ஓடின. அந்த ரகசிய மூலைகளையும் அதே அளவில், அதே வரிசையில் கட்டவேண்டும். மூல நிரலைப் பார்க்காமல் கட்டவேண்டும். ரால்ஃப் பிரவுன் பல ஆண்டுகள் தொகுத்துப் பொதுவில் வைத்த இன்டரப்ட் பட்டியல் இதற்குப் பெருந்துணை. 1.0 பதிப்பு 2006 செப்டம்பர் 3ல் வந்தது. இத்தனை பொறுமையை நான் எந்த ஆபீஸிலும் பார்த்ததில்லை.

அந்தப் பதிப்பு வந்த கொஞ்ச காலத்தில் ஒரு மண்டியில் பழைய கம்ப்யூட்டர் நின்றுபோனது. புது மெஷினில் 80 ஜிபி ஹார்ட் டிஸ்க், அதில் எல்லாம் ஃபேட்32 என்ற கோப்பு முறை. டாஸ் 6.22க்கு ஃபேட்32 தெரியாது, ஒரு பகுதி 2 ஜிபிக்கு மேல் இருந்தாலும் தெரியாது. அதன் ஃப்ளாப்பிகளும் பூசணம் பிடித்துக் கிடந்தன. புதிதாக வாங்கலாம் என்றால் விற்பவர் இல்லை. ஃப்ரீடாஸைப் போட்டேன். அது டிஸ்க் முழுவதையும் கண்டுகொண்டது. என் கிளிப்பர் புரோகிராம் ஒரு வரி மாறாமல் ஓடியது, டாட் மேட்ரிக்ஸில் பில் அடித்தது. "பழசேதானே தம்பி?" என்றார் மண்டிக்கார அண்ணாச்சி. முழுக்கப் புதுசு என்று சொன்னேன்.

மைக்ரோசாஃப்ட் தன் டாஸின் மூல நிரலை வெளியில் வைத்தது 2014ல். அதுவும் மிகப் பழைய 1.25, 2.0 பதிப்புகள்தான். ஆய்வுக்கு மட்டும் என்று உரிமத்தில் கட்டுப்பாடு இருந்ததால், அதைப் படித்தவர்கள் ஃப்ரீடாஸுக்கு எழுதவேண்டாம் என்று ஹால் கேட்டுக்கொண்டார். இருபது ஆண்டுகள் காத்த சுத்தம் அது. 2018ல் அந்தக் கட்டுப்பாடு நீங்கியது. டாஸ் 4.00 பதிப்பின் மூல நிரல் 2024ல் வந்தது. அதற்குள் வில்லானி இல்லை, 2011லேயே மறைந்துவிட்டார். ஃப்ரீடாஸ் நிற்கவில்லை. 2022ல் 1.3, 2025ல் 1.4. புது மெஷின்களில் கம்ப்யூட்டரைத் தொடக்கிவைக்கும் பழைய பயாஸ் இருப்பதில்லை, அது இல்லாமல் ஃப்ரீடாஸ் நேரடியாகத் தொடங்காது. அங்கே விர்ச்சுவல் மெஷினுக்குள் ஓட்டிக்கொள்ளலாம்.

டாஸ் காலத்தில் நம் ஊர்களில் எழுதப்பட்டவை கொஞ்சமல்ல. மண்டிக் கணக்கு, சீட்டுக் கணக்கு, பள்ளி மதிப்பெண் பட்டியல், தமிழில் தட்டச்சு செய்யும் கருவிகள் என்று எத்தனையோ. அவற்றை ஓட்ட இன்று ஃப்ரீடாஸ் இருக்கிறது, ஓட்டுவதற்கு அவைதான் கிடைப்பதில்லை. நீங்கள் அப்படி ஏதாவது எழுதியிருந்தால், பரணில் கிடக்கும் ஃப்ளாப்பிகள் முழுதும் கெடுவதற்குள் படித்தெடுத்து, மூல நிரலோடு ஒரு திறந்த உரிமத்தில் பொதுவில் வையுங்கள். நான் என் கிளிப்பர் புரோகிராம்களை வைத்துவிட்டேன்.