இறாலுக்கு நாடி பார்க்கிறவர்கள்

இறால் தீனை மெல்லும்போது 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம் வரும். நமது காதுக்கு எட்டாது. அதைக் கேட்பதற்கென்றே தண்ணீருக்குள் போடும் ஒலிவாங்கி வந்துவிட்டது. மெல்லும் சத்தம் பலமாக இருந்தால் பசி என்று பொருள், தீன் விழும். சத்தம் அடங்கினால் வயிறு நிறைந்துவிட்டது. இயந்திரம் தானாக நிற்கும். பக்கத்தில் இன்னொரு சென்சர் தண்ணீரில் கரைந்திருக்கும் ஒட்சிசனை அளந்துகொண்டிருக்கும். அளவு இறங்கினால் நடுச்சாமத்திலும் முதலாளியின் கைபேசி அலறும், துடுப்புச் சக்கரங்கள் சுழலும். இதற்கு விலங்கு நலன் என்று பெயர். பிறந்தால் இறாலாகப் பிறக்க வேண்டும்.

அந்தப் பாக்கியம் விடத்தல்தீவுக்கும் வாய்க்கவிருந்தது. மன்னார்க் கரையின் கண்டல் காடும் உப்புச் சதுப்பும் கடற்புல்லுமாக 29,180 ஹெக்டேயர், 2016 மார்ச்சில் இயற்கை ஒதுக்கிடமாக அறிவிக்கப்பட்டது. 2024 பெப்ரவரியில் இலங்கையின் கண்டல் மீளுருவாக்கத் திட்டத்துக்கு ஐக்கிய நாடுகள் உலக அளவிலான அங்கீகாரம் கொடுத்தது. படம் எடுத்தார்கள், கை தட்டினார்கள். மே மாதம் ஒரு வர்த்தமானி வந்தது: அந்த ஒதுக்கிடத்திலிருந்து 168 ஹெக்டேயருக்கு மேல் நீக்கப்படுகிறது, இறால் வளர்ப்புக்காக. கைதட்டல் அடங்க மூன்று மாதம் பொறுத்தார்களே, அந்த நாகரிகத்துக்கு ஒரு கும்பிடு.

நவீன பண்ணை, எல்லாவற்றையும் கருவி பார்த்துக்கொள்ளும் என்பார்கள். சிலாபத்திலும் புத்தளத்திலும் போய்ப் பார்க்கட்டும். 1980களில் அங்கேயும் அந்நியச் செலாவணி என்றுதான் கண்டலை வெட்டிக் குளம் தோண்டினார்கள். 1996இல் வெள்ளைப்புள்ளி நோய் வந்து இறால் குவியல் குவியலாகச் செத்தது. இவர் கழித்த தண்ணீரை அவர் இறைத்தார், அவர் கழித்ததை இன்னொருவர் இறைத்தார். நோய் வாய்க்கால் வழியே வீடு வீடாகப் போனது. முதலாளிமார் நட்டக் கணக்கைக் கூட்டிவிட்டுப் போனார்கள். கைவிட்ட குளங்கள் இன்னும் கிடக்கின்றன. கண்டலும் இல்லை, இறாலும் இல்லை. சென்சர் உங்கள் குளத்துக் கேட்டைச் சொல்லும். உங்கள் குளம் களப்புக்குச் செய்யும் கேட்டைச் சொல்ல அதற்கு யாரும் சம்பளம் கொடுப்பதில்லை. கண்டல் வேருக்குள் ஒதுங்கி வளரும் நண்டுக்குஞ்சு எந்தச் சென்சரிலும் பதிவாகாது; அதன் வரத்து அறுபட்டால் வலையில்தான் தெரியும், சில வருடம் கழித்து.

சரி, இறாலை விடுங்கள். மாட்டுக்கும் கருவி வந்திருக்கிறது. கழுத்தில் ஒரு பட்டி கட்டினால் எத்தனை நிமிடம் அசைபோட்டது என்று எண்ணிச் சொல்லும். விழுங்கக் கொடுக்கும் குளிசை மாதிரி ஒன்று வயிற்றுக்குள் இருந்துகொண்டே உடற்சூட்டை அனுப்பும். ஐரோப்பியத் தொழுவத்தில் நல்ல சாமான்தான், குறை சொல்லவில்லை. அதையே நமது பட்டிமாட்டுக்குக் காலபோகத்தில் கட்டிப் பாருங்கள். வயல் விதைத்தாயிற்று, மாடு வெளியே போக வேண்டும். எங்கே? ஒரு பக்கம் காட்டு இலாகாவின் எல்லைக்கல், மறுபக்கம் வனசீவராசிகளின் பலகை. கைபேசிக்குச் செய்தி வரும்: 'மாடு அசைபோடவில்லை.' ஐயா, புல்லுக் கிடைத்தால்தானே அசைபோடும்! இதை அறிய மின்கலமும் மாதச் சந்தாவும் எதற்கு? விலா எலும்பை வீதியில் நின்றே எண்ணலாம்.

2022 டிசம்பரில் மாண்டஸ் புயலின் குளிர்காற்று அடித்தபோது வடக்கிலும் கிழக்கிலும் 1,600க்கும் மேற்பட்ட மாடுகளும் ஆடுகளும் விறைத்துச் செத்தன. வெட்டவெளியில், கூரையில்லாமல், மழையில் நனைந்து, அரைவயிற்றோடு நின்ற உயிர்கள். வெட்டிப் பார்த்து, குளிர் தாங்காமல் இறந்தன என்று காரணம் சொன்னார்கள். கண்டுபிடிப்புத்தான்! புயல் வருவது முன்கூட்டியே தெரியும். செய்மதி சொன்னது, வானொலி சொன்னது. தகவலுக்கு என்ன குறை? ஒரு கொட்டில் இல்லை, ஒரு கட்டு வைக்கோல் இல்லை. ஆனால் அங்கிருந்து இறைச்சியைக் கொண்டுசெல்லத் தடை மட்டும் சட்டென்று வந்துவிட்டது. செத்த மாட்டில் இருந்த கரிசனையில் கால்வாசி, உயிரோடு நின்ற மாட்டில் இருந்திருக்கலாம்.

மட்டக்களப்பின் மயிலத்தமடு, மாதவனையில் பண்ணையாளர்கள் 2023 செப்டெம்பரில் மேய்ச்சல் தரைக்காக வீதியில் குந்தினார்கள். தங்கள் மாடுகள் சுட்டும் வெட்டியும் கொல்லப்படுகின்றன என்று வாய்விட்டுச் சொன்னார்கள். மாடு சொன்னால் கேட்க எத்தனையோ கருவி. மாட்டுக்காரன் சொன்னால் கேட்க ஒரு காதில்லை. விடத்தல்தீவுக் காட்டுக்காகவும் சூழலியல் அமைப்புகள் உயர் நீதிமன்றப் படி ஏற வேண்டியிருந்தது. 2024இலேயே அந்த வர்த்தமானிக்கு இடைக்காலத் தடை கிடைத்தது. நீதியரசர்களுக்குத் தெளிவாகக் கேட்டது அமைச்சுக்குக் கேட்காமல் போனதற்கு எந்தச் சென்சர் பழுது என்று பொறியியலாளர்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

ஆகவே, 'டிஜிட்டல் பண்ணை' என்று குளிரூட்டிய மண்டபத்தில் செயலமர்வு வைக்கும் துரைமாரே, முதலில் ஒரு வேலை செய்யுங்கள். மன்னாரின் மாந்தை மேற்கில் இறங்கி மேய்ச்சல் தரையை அளந்து, கல் நட்டு, அதை வர்த்தமானியில் போடுங்கள். பட்டிக்கு ஒரு கூரை போடுங்கள். அழைத்தால் வருகிற தூரத்தில் ஒரு கால்நடை வைத்தியரை வையுங்கள். கழுத்துப்பட்டியைப் பிறகு கொண்டுவாருங்கள். மாடு உயிரோடிருந்தால் கழுத்தை நீட்டும்.