என்வலப் பெட்டிக்கு ஓர் இடம்

எங்கள் கரையில் கலியாணம் பேசும்போது ஒன்றையும் விட்டுவைப்பதில்லை. வீட்டில் எத்தனை அறை, வளவு எத்தனை பேர்ச், சாகாமத்துப் பக்கம் வயல் இருந்தால் அதில் எத்தனை ஏக்கர் பெண்ணுக்கு, மஹர் எவ்வளவு, நிகாஹ் பள்ளியிலா வீட்டிலா, சஹனில் கோழியா மாடா, வட்டிலப்பம் ஆளுக்கொரு துண்டா இரண்டா என்று எல்லாம் பேசித் தீர்த்துவிடுவார்கள். பேசாமல் விடுபடுகிற சங்கதி ஒன்றே ஒன்றுதான்: வருகிற ஆட்கள் கொண்டுவரும் என்வலப்பை எங்கே போடுவது? அதை வாய்விட்டுப் பேசினால் மானம் போய்விடும். பேசாமல் விட்டால், கலியாணத்தன்று காலையில், பந்தலுக்கு மேசை இறக்கிக்கொண்டிருக்கும்போது யாராவது ஓடிவந்து, "சாச்சா, பெட்டிய எங்க வெக்கிற?" என்று கேட்பார்கள்.

அந்தச் சாச்சா நான்தான். அக்கரைப்பற்றிலிருந்து சாகாமத்துக்குப் போகிற வீதியில், காக்காவின் மகளுக்குக் கலியாணம். பெரும்போக வெட்டு முடிந்து நெல் விற்ற காசு கையில் இருக்கும் காலம். நோன்புக்கு முன் எல்லாவற்றையும் முடித்துவிட வேண்டும் என்ற அவசரம் வேறு. சமையலுக்கு ஒருவர், பந்தலுக்கு ஒருவர், வாகனத்துக்கு ஒருவர் என்று பொறுப்புகளைப் பிரித்துக்கொடுத்தபின், ஒன்றுக்கும் உதவாதவன் என்று எல்லோரும் ஒருமனதாக முடிவுகட்டிய எனக்குப் பெட்டி வந்து சேர்ந்தது.

முந்தி இதற்குப் பெட்டி கிடையாது. மாப்பிள்ளையின் கோட்டுப் பை இருந்தது. சலாம் சொல்லிக் கைகொடுப்பார்கள். கொடுத்த கைக்குள்ளேயே மடித்த என்வலப் இடம் மாறிவிடும். மாப்பிள்ளை வாங்காத மாதிரி அதைப் பையில் செருகுவார். கொடுத்தவரும் கொடுக்காத மாதிரி சஹனைத் தேடி நடப்பார். அரை மணித்தியாலத்தில் கோட்டு ஒரு பக்கம் இழுக்கத் தொடங்கும். தோழன் வந்து, கொலரைச் சரிசெய்கிற சாட்டில் பையைக் காலிசெய்துவிட்டுப் போவான். மாப்பிள்ளைத் தோழனாக ஆளைத் தெரிவுசெய்வதில் அந்தக் காலத்தில் அவ்வளவு கவனம் இருந்ததற்குக் காரணம் சிநேகிதம் மட்டுமல்ல.

அமெரிக்காவில் குடியேறிய இத்தாலிக்காரர்களின் கலியாணங்களில் மணப்பெண்ணே ஒரு பட்டுப் பையோடு இருப்பாள். 1972 இல் வந்த 'த கோட்ஃபாதர்' படம் அப்படியொரு கலியாணத்தோடுதான் தொடங்குகிறது. அந்தப் பையைத் தூர நின்று பார்த்து, உள்ளே எவ்வளவு இருக்கும் என்று கணக்குப் போடும் ஆள் ஒருவரும் அதில் வருவார். அவர் எங்கள் ஊரிலும் இருக்கிறார். அதற்கு இங்கே மாஃபியாவில் சேரத் தேவையில்லை, மச்சான் முறை போதும்.

பெட்டி என்பது வெள்ளைக்காரர் பழக்கம். அங்கே வருகிறவர்கள் உண்மையிலேயே வாழ்த்து அட்டை கொண்டுவருவார்கள், அதைப் போட மேசையில் ஓர் அலங்காரப் பெட்டி இருக்கும். இங்கே பெட்டி வந்துசேர்ந்துவிட்டது, அட்டை வரவில்லை. வாழ்த்து என்றால் நாங்கள் சளைத்தவர்களுமல்ல. ஒரு காலத்தில் கலியாணம் என்றால் ஊர்க் கவிஞர் ஒருவர் மாப்பிள்ளை பெண் பெயர்களை எதுகையில் வைத்து வாழ்த்துப்பா எழுதி, அச்சடித்து, கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொண்டுவருவார். சபையில் வாசிக்கவும் செய்வார். சோறு ஆறும். அந்தச் சட்டம் பெண்ணின் வீட்டு மண்டபச் சுவரில் ஏறினால், பெயின்ட் அடிக்கிற அன்றைக்குத்தான் இறங்கும். அதை எந்தப் பெட்டிக்குள்ளும் போட முடியாது என்பதே அதன் கௌரவம்.

எங்கள் பெட்டியைச் செய்தவன் பெண்ணின் தம்பி. ஒலுவில் கம்பஸில் படிக்கிறான். யூடியூப் பார்த்து, ரிஜிபோம் வெட்டி, இரவிரவாக ஒரு வீடு கட்டிவிட்டான். மாடி வீடு. ஜன்னலுக்கு நீலத் தாள், முற்றத்துக்குப் பச்சைத் தாள், கூரைக்கு மேலே ஒரு புகைபோக்கி. என்வலப்பைப் புகைபோக்கிக்குள் போட வேண்டும். பொத்துவிலிலிருந்து மருதமுனை வரைக்கும் தேடினாலும் இந்தக் கரையில் குளிர்காயப் புகைபோக்கி வைத்த குடியிருப்பு ஒன்று அகப்படாது. வெயிலுக்குப் பயந்து ஜன்னல் வைக்கிற ஊரில் குளிருக்கு யார் அடுப்பு மூட்டுவது? ஆனால் பிள்ளை கஷ்டப்பட்டுச் செய்திருக்கிறான் என்று எல்லோரும் பாராட்டினோம்.

வினை புகைபோக்கியில் இல்லை, மாடியில் இருந்தது.

வெளியூர் வாசகருக்கு ஒன்று சொல்ல வேண்டும். இங்கே பெண் புகுந்த வீடு போவதில்லை, மாப்பிள்ளைதான் புகுந்த வீடு வருகிறார். மகளுக்கு வீடு கட்டிக் கொடுப்பது தகப்பனின் கடன். மகள் பிறந்த வருஷமே கல்லும் மண்ணும் பறிக்கத் தொடங்கியவர்களை எனக்குத் தெரியும். டெனிஸ் மெக்கில்வ்ரே என்ற அமெரிக்க மானிடவியலாளர் 1969 இல் அக்கரைப்பற்றுக்கு வந்து, இங்குள்ள தமிழர், முஸ்லிம்கள் இரு பகுதியாரின் தாய்வழிக் குடிகளையும் சீதன வீடுகளையும் ஆராய்ந்து, 2008 இல் பெரிய புத்தகமே எழுதியிருக்கிறார். ரிஜிபோம் வீட்டை மட்டும் அவர் காணவில்லை.

மாப்பிள்ளையின் தாய் கண்டார். பெட்டிக்கு முன்னால் நின்று, முந்தானையைச் சரிசெய்துகொண்டு, மெதுவாகச் சொன்னார்: "வீடு வடிவாத்தான் இரிக்கு. மேல்மாடியும் இரிக்கு போல."

காக்கா கட்டிக் கொடுத்த வீட்டில் மேல்மாடி இல்லை. கொங்கிறீற் தட்டு வரைக்கும் வந்து, கம்பி நீட்டிக்கொண்டு நிற்கிறது. காக்கா என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய், "அந்த மாடியக் கழட்டுடா" என்றார். தம்பிக்காரன் சம்மதிக்கவில்லை. "மாடியக் கழட்டினா புகைபோக்கி எதுல நிக்கிற சாச்சா?" பொறியியல் நியாயம் அவன் பக்கம் இருந்தது. கடைசியில் மேல்மாடிக்கு முன்னால் ஒரு பெரிய பூச்சாடியை வைத்து மறைத்தோம்.

இனி இடம். பெடியன்கள் கேற்றடியில் வைக்கலாம் என்றார்கள். யாரும் தப்ப முடியாது என்பது அவர்கள் வாதம். எங்கள் பெரியவாப்பா பிரம்புக் கதிரையில் இருந்தபடி ஒரே வார்த்தையில் மறுத்தார். "கேற்றில வெச்சா டிக்கட் வெட்டுற மாதிரி இரிக்கும். என்ட வயல்ல வேல செய்ற ஆளுகளயும் கூப்பிட்டிரிக்கன். பெட்டியக் கண்டா அவனுகள் உள்ள வருவானுகளா?" பணக்காரரை அழைத்து ஏழையை விட்டுவிட்ட வலீமாச் சாப்பாட்டைப் போல் கெட்ட சாப்பாடு வேறில்லை என்ற ஹதீஸை ஜும்ஆவில் எத்தனையோ தரம் கேட்டிருக்கிறோம். ஏழையை அழைத்துவிட்டு, வாசலில் பெட்டியை வைத்துத் திருப்பி அனுப்புவது அதைவிடக் கெட்டிக்காரத்தனம். பெரியவாப்பா சொன்னதுதான் சரி: பெட்டி இருக்கலாம், ஆனால் வெறுங்கையோடு வந்தவன் அதைக் கடக்காமல் சஹனுக்குப் போய்ச் சேர ஒரு வழி இருக்க வேண்டும். இந்த விஷயத்தில் எனக்கு வேறு அபிப்பிராயமே இல்லை.

மேடைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். அங்கே வீடியோக்காரர் இருந்தார். லைட் விழுந்தவுடன் ஆட்கள், வாக்குப் பெட்டிக்குள் சீட்டைப் பாதி நுழைத்துக்கொண்டு கமெராவுக்குச் சிரிக்கும் வேட்பாளர் மாதிரி, என்வலப்பைப் புகைபோக்கியில் பிடித்தபடி நின்றார்கள். ஒருவருக்கு வீடியோ சரியாக விழவில்லையாம். திரும்பவும் எடுத்துப் போடலாமா என்று கேட்டார். எடுக்க முடியாது, உள்ளே விழுந்துவிட்டது. வெறும் கையைப் புகைபோக்கியில் வைத்து இன்னொரு தரம் எடுத்துக்கொண்டார்.

கடைசியில் விறாந்தை மூலையில், வெற்றிலை வட்டா இருந்த மேசையில் இடம் அமைந்தது. சாப்பிட்டுக் கைகழுவி வெற்றிலைக்கு எல்லோரும் அங்கேதான் வருவார்கள். போடுகிறவர் போடலாம், போடாதவர் பாக்கை வாயில் போட்டுக்கொண்டு போகலாம். யார் எதற்காக வந்தார் என்று யாருக்கும் தெரியாது. ஒரேயோர் ஆபத்து, அது சாப்பாட்டுக்குப் பிந்திய இடம். ஒருவர் வட்டிலப்பம் கிடைக்காத கோபத்தில் தூணுக்குப் பின்னால் போய் என்வலப்பைத் திறந்து எதையோ குறைத்துவிட்டு வந்து போட்டதை நான் கண்ணால் கண்டேன். இரண்டு வட்டிலப்பம் கிடைத்த ஆள் எதையாவது கூட்டி வைத்ததாக மட்டும் இதுவரை தகவல் இல்லை.

திருக்கோவிலிலிருந்து காக்காவின் பழைய சிநேகிதர் ஒருவர் வந்திருந்தார். பூச்சியத்தில் முடிகிற தொகையை அவர்கள் வீட்டில் மங்கலத்துக்குக் கொடுப்பதில்லை. அதனால் ஐயாயிரம் ரூபா தாளோடு ஒரு ரூபாய்க் குத்தியையும் வைத்திருந்தார். அது புகைபோக்கியால் இறங்கி, ரிஜிபோம் படிகளில் தட்டி, 'டொக்' என்று அடித்தளத்தில் விழுந்த சத்தத்துக்கு விறாந்தையே திரும்பிப் பார்த்தது. பள்ளி உண்டியல் என்று நினைத்து யாரோ சில்லறை போட்டுவிட்டதாக ஒரு கதை அடுப்படிவரை போய்விட்டது. அன்றைக்கு வந்த பெரிய தொகைகளில் அது ஒன்று.

இவ்வளவு ஆராய்ச்சியும் ஆண்கள் பக்கத்துக்கு மட்டும்தான். பெண்கள் பக்கத்தில் பெட்டியும் இல்லை, பிரச்சினையும் இல்லை. மாமிமாரும் சாச்சிமாரும் குரவை போட்டு, பெண்ணைக் கட்டிப்பிடித்து, கன்னத்தைத் தடவி, நாலாக எட்டாக மடித்த தாளை உள்ளங்கையில் வைத்து விரலை மூடிவிட்டுப் போனார்கள். என்வலப் கிடையாது, பெயர் கிடையாது, கொப்பி கிடையாது. ஆனால் யார் எவ்வளவு வைத்தார் என்று பெண்ணின் உம்மாவிடம் இன்றைக்குக் கேட்டாலும் வரிசை பிசகாமல் சொல்வார்.

இரவு பெட்டியைத் திறக்கப் போனபோதுதான் தெரிந்தது, வீட்டுக்குக் கதவு வரைந்திருக்கிறானே தவிர வெட்டவில்லை. கூரையை உடைப்பதைத் தவிர வழியில்லை. மாப்பிள்ளையின் உம்மா போகும்வரை காத்திருந்து மேல்மாடியைப் பிளந்தோம். காக்கா முகத்தில் அன்றைக்கு முதல் தடவையாகச் சிரிப்பைக் கண்டேன்.

கொப்பி எழுதுகிறதும் என் பொறுப்பு. அதை வரவுக் கொப்பி என்று நினைக்க வேண்டாம், கடன் கொப்பி. நாளைக்கு அவர்கள் வீட்டுக் கலியாணத்துக்கு நாங்கள் எவ்வளவு கொண்டுபோக வேண்டும் என்பது அதில் இருக்கிறது. குறைந்தால் பகை, கூடினால் பெருமையடிக்கிறோம் என்று பேச்சு. இந்த ஊரின் பொருளாதார வரலாற்றை எழுத விரும்புகிறவர் மத்திய வங்கி அறிக்கையைத் தேடத் தேவையில்லை. வீட்டு அலுமாரிகளில் இருக்கிற இந்தக் கொப்பிகள் போதும். 2021 இல் இரசாயனப் பசளையைத் தடைசெய்தார்கள். அடுத்த வெட்டில் நெல் விழுந்தது, கொப்பியில் தொகையும் விழுந்தது. 2022 இல் ரூபா சரிந்தபின், ஆயிரம் ரூபா தாளைத் தனியே வைக்க ஆட்களுக்குக் கூச்சம் வந்துவிட்டது.

இதையெல்லாம் கூச்சமில்லாமல் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் ஆடி மாதத்தில் மொய் விருந்து வைப்பார்கள். கலியாணமே தேவையில்லை. கறிச்சோறு போட்டு, மேசை போட்டு, நோட்டில் பெயரெழுதி, பணத்தை வாங்கித் தொழிலுக்குப் போடுவார்கள். பிறகு அவரவர் முறை வரும்போது திருப்பிச் செய்வார்கள். இப்போது காசு எண்ணும் மெஷினும் கமெராவும் வைக்கிறார்களாம். ஜப்பானில் மண்டப வாசலிலேயே மேசை. புதுத் தாளை அலங்கார உறையில் வைத்து, பெயரெழுதி, இரண்டு கையாலும் கொடுத்துவிட்டு ஏட்டில் கையெழுத்தும் போட வேண்டும். சிநேகிதர் என்றால் 30,000 யென் வழக்கமான தொகை. இரட்டைப்படையாக இருந்தால் தம்பதி பிரிந்துவிடுவார்கள் என்று பயம். 2021 ஜனவரியில் மதுரைத் தம்பதி ஒன்று கலியாணக் கார்டிலேயே கியூஆர் கோடை அச்சடித்துவிட்டது. அதற்குப் புகைபோக்கியும் வேண்டாம், சாச்சாவும் வேண்டாம். தம்பிக்காரன் இப்போது அதைத்தான் சொல்கிறான். பெரியவாப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

என் கொப்பியில் தீராமல் நிற்பவை இரண்டு என்வலப். ஒன்றில் அழகான கையெழுத்தில் பெயர், ஊர், "பாரகல்லாஹு லக" எல்லாம் இருக்கிறது, உள்ளே காசு இல்லை. மறந்திருப்பார். அவரிடம் கேட்க முடியாது, அவர் வீட்டுக் கலியாணம் வருகிற சிறுபோகத்துக்குப் பிறகு. மற்றதில் ஐயாயிரம் ரூபா, பெயர் இல்லை. இரண்டும் ஒரே ஆள்தானோ என்று காக்கா சந்தேகப்படுகிறார்.

ஆகவே இதை வாசிக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். அன்றைக்குச் சாகாம வீதிக் கலியாணத்துக்கு வந்து, வெள்ளை என்வலப்பில் பெயரெழுதாமல் ஐயாயிரம் வைத்தவர் நீங்களானால், உங்கள் வீட்டில் விசேஷம் வருமுன் ஒரு கோல் எடுத்துச் சொல்லுங்கள். கொப்பியில் உங்களுக்கு ஒரு வரி விட்டிருக்கிறேன்.