கிளியின் உள்ளங்காலும் குச்சியின் பருமனும்: ஒரு கூண்டளவு ஆய்வு

முன்னுரை

மனிதன் உட்காருவதைப் பற்றி உலகம் போதிய அளவு ஆராய்ந்துவிட்டது. நாற்காலியின் முதுகு எத்தனை பாகை சாய வேண்டும், மேசைக்கும் முழங்கைக்கும் என்ன உறவு என்பதற்கெல்லாம் வல்லுநர்கள் இருக்கிறார்கள். ஆனால் வாழ்நாள் முழுக்க நின்றபடியே தின்று, நின்றபடியே சண்டை போட்டு, நின்றபடியே தூங்கும் ஒரு ஜீவனின் காலடியில் என்ன இருக்கிறது என்பதில் தமிழ்ப் புலமையுலகம் காட்டிவரும் அலட்சியம் மன்னிக்கத்தக்கதன்று. அக்குறையை நீக்கவே இவ்வாய்வு.

ஆய்வுப் பொருள்

எங்கள் வீட்டு ஜில்லு. ஆஸ்திரேலிய வம்சாவளி காக்கடீல். தலையில் கொண்டை, கன்னத்தில் ஆரஞ்சுப் பொட்டு. நம்மூர்ப் பச்சைக்கிளியை எடுத்துக்கொள்ளாததற்குக் காரணம் பாரபட்சமன்று. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். அச்சட்டப்படி பச்சைக்கிளியைக் கூண்டில் வைப்பது குற்றம். அதன் பாதத்தை ஆராய்வதற்கு முன் ஆய்வாளரின் ஜாமீனை ஆராய வேண்டியிருக்கும்.

முன்னோர் கண்ட இருக்கைகள்

தமிழ் மரபில் கிளியின் இருக்கைகளாக மூன்று முதன்மை பெறுகின்றன: மதுரை மீனாட்சியின் கை, ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளின் கை, அருணகிரிநாதர் கிளியுருவில் தங்கியதாகச் சொல்லப்படும் திருவண்ணாமலைக் கிளி கோபுரம். இம்மூன்று கிளிகளுக்கும் கால் வலித்ததாகக் குறிப்பேதும் இல்லை. ஆண்டாளின் கிளி நாள்தோறும் இலையாலும் பூவாலும் புதிதாகக் கட்டப்படுவது. அதன் பாதத்தில் புண் வர அவகாசமே கிடையாது. நான்காவதாகக் கிளி ஜோசியரின் கிளியைச் சுட்டலாம். அது கூண்டைவிட்டு இறங்கித் தட்டைத் தரையில் நடந்து சீட்டெடுத்தது. பிறர் எதிர்காலத்தைச் சொன்ன அப்பறவைக்குத் தட்டையான தரையின் அருமையும் தெரிந்திருக்கலாம். இது பின்னர் பயன்படும்.

மேலை நாட்டில் போரெல்லி என்ற இத்தாலியர் பறவை எப்படிக் கிளையிலிருந்து விழாமல் தூங்குகிறது என்று விளக்கினார். அவ்விளக்கம் அடங்கிய நூல் அவர் இறந்தபின் 1680-இல் வெளிவந்தது. பறவை காலை மடக்கிக் குந்தும்போது தசைநார் இழுபட்டு விரல்கள் தாமாகவே மூடிக்கொள்ளும் என்பது அவர் கருத்து. 2012-இல் ஸ்டார்லிங் பறவைகளைத் தூங்கவிட்டுப் பார்த்தவர்கள் இதற்கு மறுப்புச் சொன்னார்கள். தூங்கும் ஸ்டார்லிங் குச்சியை இறுக்கிப் பிடிப்பதில்லையாம். உள்ளங்காலின் நடுத் திண்டில் எடையை நிறுத்திச் சமன் செய்துகொள்கிறதாம். ஸ்டார்லிங் கிளியன்று என்பதை இவ்வாய்வாளர் அறிவார். ஆயினும் இரவெல்லாம் ஓர் உள்ளங்காலின் நடுவில் ஒரு முழுப் பறவை நிற்கிறது என்ற செய்தி அவர் தூக்கத்தைக் கெடுத்தது.

நோய்க்குறி

கிளிக்கு விரல் முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. நலமான பாதத்தின் அடியைப் பார்த்தால் பொடிப்பொடியான மேடுகள் நெருக்கமாக இருக்கும். புதிதாக வாங்கிய ரப்பர் செருப்பின் அடிப்பக்கத்தைப் போல. நோய் தொடங்கும்போது அந்தப் பொடி மேடுகள் மறைந்து, அவ்விடம் வழுவழுப்பாகப் பளபளக்கும். பிறகு சிவக்கும், காய்ப்பு ஏறும், கறுத்த பொருக்குத் தட்டும். கிருமி உள்ளே இறங்கினால் தசைநாரையும் எலும்பையும் தொடும். பம்பிள்ஃபுட் என்று மருத்துவர்கள் அழைப்பது இதைத்தான்.

ஜில்லுவின் பாதத்தை ஆராய்ந்த முறை: அது கூண்டுக் கம்பியில் தொற்றி ஏறும்போது கீழிருந்து டார்ச் அடித்தல். இடது பாதத்தில் ஒரு பயறளவுக்குப் பளபளப்பு. அம்மாவும் எட்டிப் பார்த்தார். "எனக்குக் குதிகால் வலின்னு சொல்லிச் சொல்லி வாய் வலிச்சதுதான் மிச்சம். இதுக்கு டார்ச் அடிச்சுப் பாக்குறியாடா?" என்றார். ஆய்வெல்லைக்கு அப்பாற்பட்டது என்பதால் அக்கருத்து பதிவு மட்டும் செய்யப்படுகிறது.

காரண ஆய்வு

கூண்டோடு இலவசமாக வரும் குச்சியே முதற்குற்றவாளி. கடைசல் பிடித்தது போன்ற உருளை. ஒரு முனை முதல் மறுமுனை வரை ஒரே பருமன், ஒரே வழவழப்பு. பறவை எங்கே நகர்ந்து நின்றாலும் பாதத்தின் அதே புள்ளியில்தான் அழுத்தம் விழும். காட்டில் எந்தக் கிளையும் இத்தனை ஒழுங்காக வளராது. ஒழுங்கு என்பது கூண்டுத் தொழிற்சாலையின் தேவையே தவிரக் காலின் தேவை அன்று.

துணைக்குற்றவாளிகளும் உண்டு. சூரியகாந்தி விதையும் தினையும் மட்டுமே தின்னும் பறவைக்கு வைட்டமின் ஏ குறையும், தோல் வலுவிழக்கும். கொழுப்பு மிகுந்த விதை எடையையும் கூட்டும். கூடிய எடை முழுவதும் அந்தப் பயறளவுப் புள்ளியில் போய் இறங்கும். காக்கடீலுக்கு நூறு கிராமை ஒட்டிய எடை போதும் என்பர். ஜில்லுவைச் சமையலறைத் தராசில் நிறுத்தியபோது வந்த எண்ணை, குடும்ப கௌரவம் கருதி வெளியிடவில்லை. எச்சம் படிந்த குச்சி மூன்றாம் குற்றவாளி. அது வீட்டாரின் குற்றம்.

குச்சிகளின் வகைப்பாடு

மணல்தாள் உறை: நகம் தேய்க்கும் என்று சொல்லி விற்கிறார்கள். தேய்வது பாதமே. தள்ளுக.

சிமெண்ட் குச்சி: நகத்தை ஓரளவு தேய்க்கும். கூண்டில் ஒன்று இருக்கலாம். அதுவும் தூங்கும் இடத்தில் இருக்கலாகாது. கால் புண்பட்டிருக்கும் நாட்களில் அதையும் கழற்றிவிடுவது நல்லது.

பருத்திக் கயிறு: புண்பட்ட காலுக்கு மெத்தென்று இருக்கும். ஆனால் கயிறு பிரிந்தால் நூலில் விரல் சிக்கும். நூலைத் தின்றால் இரைப்பையில் அடைக்கும். பிசிறு தெரிந்த அன்றே கழற்றிவிட வேண்டும்.

தட்டை மேடை: சிறு பலகை. விரலை மடக்காமல் நிற்கலாம் என்பதால் புண்ணுக்கும் மூட்டு வலிக்கும் உகந்தது. ஜோசியக் கிளியின் அனுபவம் இங்கே உறுதியாகிறது. மேலே துணி சுற்றினால் அடிக்கடி மாற்ற வேண்டும், ஏனெனில் தட்டையான இடத்தில் எச்சமும் தட்டையாகவே தங்கும்.

இயற்கைக் கிளை: இதுவே இவ்வாய்வின் நாயகன். ஒரு முனையில் சுண்டுவிரல் பருமன், மறுமுனையில் கட்டைவிரல் பருமன், நடுவில் ஒரு கணு, ஒரு வளைவு. நிற்கும் இடம் மாறினால் அழுத்தும் இடமும் மாறும். விரல்கள் கிளையை முக்கால் சுற்றுக்குள் பற்ற வேண்டும்; முன் நகமும் பின் நகமும் சந்தித்தால் கிளை மெலிது என்று பொருள். கொய்யா சிறப்பு; வேம்பும் புளியும் ஆகும். முருங்கை முறியும். அரளி நஞ்சு, கள்ளியின் பால் கண்ணுக்கும் வாய்க்கும் ஆகாது. பூச்சிமருந்து அடித்த மரத்தின் கிளை எதுவும் வேண்டா. வெட்டிய கிளையைத் தேய்த்துக் கழுவி, வெயிலில் நன்றாகக் காயவைத்தே கட்ட வேண்டும்.

பரிந்துரைகள்

சிவப்போ பொருக்கோ தெரிந்தால் முதலில் பறவை பார்க்கும் கால்நடை மருத்துவர், அதன் பிறகுதான் குச்சி. உயரமான இடத்தில்தான் கிளி தூங்கும் என்பதால் மிக நல்ல கிளை அங்கே போக வேண்டும். நொண்டும் பறவைக்கு எல்லாவற்றையும் தாழ்த்திக் கட்டலாம், விழுந்தாலும் அடி குறைவு. தீவனக் கிண்ணத்துக்கு நேர்மேலே எதையும் கட்டாதீர்கள். கேரட், பப்பாளி, முருங்கைக்கீரை ஆகியவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குங்கள். ஜில்லு முருங்கைக்கீரையை ஏற்றுக்கொண்டது. கேரட்டைத் தூக்கி எறிவதற்கு ஏற்றுக்கொண்டது.

முடிவுரை

எது சிறந்த குச்சி என்ற வினாவே பிழையானது. ஆகச் சிறந்த கொய்யாக் கிளையாயினும், அது ஒன்று மட்டுமே இருந்தால் பாதம் மறுபடியும் பளபளக்கும். மெல்லியது, தடித்தது, மெத்தென்றது, தட்டையானது என்று நாலும் வேண்டும்.

ஆய்வின் வரம்பையும் கூறவேண்டும். கொய்யாக் கிளை கட்டிய நாளிலிருந்து ஜில்லு அதன் பட்டையை உரிப்பதையே வேலையாகக் கொண்டுள்ளது. அலகு தேயும், பொழுதும் போகும் என்பதால் இதுவும் நல்லதே. ஆனால் முழுப் பட்டையும் உரிந்த கிளை, வழவழப்பில் கடைக் குச்சிக்கு ஓரளவே குறைந்தது. ஆய்வாளர் பாடுபட்டு நீக்கிய ஒழுங்கை ஆய்வுப் பொருள் தன் அலகாலேயே மீண்டும் செதுக்கிக்கொள்கிறது. ஆகவே இவ்வாய்வுக்கு முடிவு கிடையாது. புதுக் கிளை மட்டுமே உண்டு. தொடர்ந்து கிளை வழங்கிவரும் பக்கத்து வீட்டாருக்கு நன்றி. இனிக் காய் இல்லாத கிளையாகப் பார்த்து வெட்டுமாறு அவர்கள் விடுத்த வேண்டுகோள் பரிசீலனையில் உள்ளது.