நெத்திலியும் நெஞ்சும்

கேள்வி: கிளினிக்கில் ரத்தம் எடுத்தார்கள். கால்சியம் 2.4 என்று வந்திருக்கிறது. அது கூடினால் மாரடைப்பு வரும் என்கிறார் பக்கத்து வீட்டு அண்ணன். நான் தினமும் நெத்திலி சாப்பிடுகிறவன். நிறுத்தவா?
- வாசகர், கோலா கெடா

பதில்: மீன்பிடித் துறையில் குடியிருந்துகொண்டு நெத்திலியை நிறுத்துவதா? 2.2 முதல் 2.6 வரை சரியான அளவுதான். தட்டில் நெத்திலி கூடினால் ரத்தத்தில் கால்சியம் ஏறிவிடாது. கழுத்துக்குள் அரிசிமணி அளவில் நான்கு பாராதைராய்டு சுரப்பிகள் உட்கார்ந்து கணக்குப் பார்க்கின்றன. குறைந்தால் எலும்பிலிருந்து கடன் வாங்கும். உடம்பின் கால்சியத்தில் 99 சதவீதம் அங்கேதான் இருக்கிறது. அளவு தொடர்ந்து மேலே நின்றால் அந்தக் கணக்குப்பிள்ளைகளைத்தான் விசாரிக்க வேண்டும்.

அண்ணன் சொல்வதும் முழுப் பொய்யில்லை. ரத்தக் கால்சியம் சற்றுக் கூடுதலாக இருப்பவர்களுக்கு இதய நோய் அபாயமும் கூடுதல் என்று சில ஆய்வுகள் சொல்கின்றன. 2010இல் நியூசிலாந்து ஆய்வாளர்கள், கால்சியம் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு மாரடைப்பு ஏறக்குறைய 30 சதவீதம் அதிகம் என்றார்கள். மறுத்தவர்களும் உண்டு, சண்டை இன்னும் ஓயவில்லை. ஸ்கேனில் பார்க்கும் 'கால்சியம் ஸ்கோர்' வேறு: அது இதயக் குழாய்ச் சுவரில் படிந்தது.

மாரடைப்புப் பயம் என்றால் முதலில் பார்க்க வேண்டியவை வேறு. 2023 தேசியச் சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் பெரியவர்களில் மூன்றில் ஒருவருக்குக் கொழுப்பு அதிகம், ஆறில் ஒருவருக்கு நீரிழிவு. உங்கள் ரிப்போர்ட்டில் அந்த இரண்டு வரிகளையும் பார்த்தீர்களா? நெத்திலியை ஊறவைத்து உப்பைக் கழுவுங்கள். மாத்திரை என்றால் டாக்டரைக் கேளுங்கள், அண்ணனை அல்ல.