அறிக்கையில் வராத வேலை

கல்கத்தாவில் கரியாஹாட் மார்க்கெட்டின் மீன் பகுதிக்குக் காலை ஏழு மணிக்கு வந்தால் என் கணவரைப் பார்க்கலாம். வேட்டியை மடித்துக் கட்டி, ஈரத்தரையில் ரப்பர் செருப்போடு நின்று, ரோகு மீனின் செவுளை விரலால் விலக்கிப் பார்த்துக்கொண்டிருப்பார். சிவப்பு மங்கியிருந்தால் வாங்கமாட்டார். மீன்காரர்கள் அவரை உறவு வைத்து "மேஸோமொஷாய்" என்று கூப்பிடுகிறார்கள். பெரிய அரிவாள்மணையைக் காலால் மிதித்து உட்கார்ந்திருக்கும் பையன் துண்டு போடும்போது, "வயிற்றுத் துண்டைத் தனியாகக் கட்டு தம்பி, நோயாளிக்கு" என்று வங்காளத்தில் சொல்வார். எழுபதை நெருங்கும் மனிதர்.

1982இல் எங்களுக்குக் கல்யாணம் ஆனபோது, குடித்த டம்ளரைக்கூட அவர் எடுத்து வைத்ததில்லை. பாளையங்கோட்டையில் ஆண்பிள்ளைகளை அப்படித்தான் வளர்த்தார்கள். நற்செய்தி சொல்லப் போகிறவருக்கு அடுப்பு எதற்கு, அதற்குத்தான் ஒருத்தியைக் கட்டி அனுப்புகிறோமே என்று என் மாமியார் வெளிப்படையாகவே சொன்னார். எங்களை அனுப்பிய சங்கத்தின் நினைப்பும் அதுதான். அதன் ஏட்டில் அவர் மிஷனெரி. அவர் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் "மனைவியுடன்" என்று இருந்தது. படி ஒன்றுதான், அது அவர் பெயரில் வந்தது.

நான் நர்ஸ் படிப்பு முடித்தவள். நாங்கள் போன இடம் ராஜ்மகால் மலை. அப்போது பீகார், 2000இல் இருந்து ஜார்க்கண்ட். அங்கே இருக்கும் பகாடியா மக்கள் பேசும் மால்தோ, தமிழுக்குத் தூரத்து உறவான திராவிட மொழி. அந்த மொழிக்கு ட்ரோஸே என்ற ஜெர்மானிய மிஷனெரி 1884இலேயே இலக்கணம் எழுதியிருக்கிறார். ஆனால் மலையேறிய எங்களை வரவேற்றது இலக்கணம் அல்ல, காலா அசார். மணல் ஈ கடித்து வருகிற காய்ச்சல். மண்ணீரல் வீங்கி, வயிறு மட்டும் பெருத்து, கை கால் குச்சியாகிவிடும். கவனிக்காமல் விட்டால் சாவு. அதற்கு முதல் நல்ல மருந்தைக் கண்டுபிடித்தவர் உபேந்திரநாத் பிரம்மச்சாரி. 1920களில், இதே கல்கத்தாவில், வசதி குறைந்த சின்ன அறையில் உழைத்துக் கண்டுபிடித்தார். நாங்கள் போன காலத்தில் அதே வழியில் வந்த ஆன்டிமனி ஊசிதான் கைகொடுத்தது. ஒருநாள் போட்டால் போதாது; வாரக்கணக்கில் தினமும் போடவேண்டும். மருந்து நிற்காமல் கிடைத்து, நோயாளியும் தினம் வந்தால்தான் பிழைப்பார். வராதவரைத் தேடி அடுத்த மேட்டுக்கு நான் நடந்து போவேன். ஒரு கையில் ஊசிப் பெட்டி, இடுப்பில் என் மகள்.

ஆண்டறிக்கையில் அதற்கு ஒரு வரி இருந்தது: "மருத்துவ உதவி அளிக்கப்பட்டது." அளித்தது யார் என்று அந்த வரி சொல்லவில்லை.

இதைச் சொல்வதால் என் கணவரை யாரும் தவறாக எண்ணவேண்டாம். அவர் நல்ல பிரசங்கியார். மலேரியாக் காய்ச்சலோடு மலை ஏறி இறங்கியவர். மொழியை என்னைவிட நன்றாகப் பிடித்துக்கொண்டவர். அவர் போன வீடுகளிலெல்லாம் மக்கள் அவருக்குக் கட்டில் போட்டார்கள். எங்கள் வீட்டுக்கு வந்தவர்களுக்கு நான் சோறு போட்டேன். முதலாவதை ஊழியம் என்றார்கள். இரண்டாவதை யாரும் எதுவும் சொல்லவில்லை. எனக்கும் அன்றைக்கு அது உறைக்கவில்லை.

பணித்தளத்திலிருந்து ஓய்வு பெற்றபின் சங்கம் எங்களை ஊருக்கு அனுப்பவில்லை. கரியாஹாட் சந்தில் இரண்டாம் மாடியில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துக் கொடுத்து, "மூத்த மிஷனெரி தம்பதியாக இங்கே இருங்கள்" என்றது. அடுப்படி, ஹால், மூன்று அறை. ஒன்று எங்களுக்கு, மற்ற இரண்டும் வருகிறவர்களுக்கு. மலையிலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு வருகிற பகாடியா, சந்தால் குடும்பங்கள், ரயில் மாறுகிற இளம் மிஷனெரிகள், லீவு முடிந்து ஹாஸ்டலுக்குத் திரும்பும் பிள்ளைகள் என்று ஆள் வராத வாரம் கிடையாது. 1982இல் நாங்கள் கோரமண்டலில் வந்து ஹவுராவில் இறங்கியபோது இப்படி ஒரு வீடு எங்களுக்கு இல்லை. லேக் மார்க்கெட் பக்கம் ஒரு தமிழ்க் குமாஸ்தாவின் வீட்டில் ஒரு ராத்திரி படுத்தோம். அந்த வீட்டு அம்மா, முன்பின் தெரியாத எங்களுக்கு ரசம் வைத்துப் போட்டு, மறுநாள் ரயிலுக்குப் புளிச்சோறும் கட்டிக் கொடுத்தார்.

இன்று எங்கள் பொழுது எப்படிப் போகிறது என்று ஊரில் கேட்கிறார்கள். விடிந்ததும் ஜெபம். பிறகு அவர் மீனுக்குப் போக, நான் படுக்கை விரிப்புகளைச் சோப்புத்தூளில் ஊற வைப்பேன். வேலைக்கு வருகிற பெண் கானிங் லோக்கலில் பாலிகஞ்ச் ஸ்டேஷனில் இறங்கி நடந்து வருகிறாள். அவள் வீட்டில் விளக்கேற்றுவது விடிவதற்கு முன்பு. 10 மணிக்கு ஏசி தட்கல், 11 மணிக்கு ஸ்லீப்பர் தட்கல். அந்த நேரத்தில் என் கணவரிடம் பேசக்கூடாது. பிறகு ஆஸ்பத்திரி ஓபிடி வரிசை. மால்தோ மட்டும் தெரிந்த கிழவிக்கும் வங்காளம் மட்டும் பேசும் டாக்டருக்கும் நடுவில் அவர் நிற்கிறார். முன்பு பிரசங்கத்துக்குப் பயன்பட்ட அதே மால்தோவில் இப்போது, "ராத்திரியில் எத்தனை தடவை சிறுநீர் போகிறது பாட்டி?" என்று கேட்கிறார். கிழவி வெட்கப்படாமல் பதில் சொல்கிறாள். அந்த நம்பிக்கை ஒரு நாளில் வந்ததல்ல.

வீட்டுக்கு வந்ததும் உப்பில்லாக் கஞ்சி ஒருவருக்கு, சர்க்கரை நோயாளிக்குச் சப்பாத்தி, மற்றவர்களுக்கு மீன்குழம்பு. தேங்காயும் கறிவேப்பிலையும் லேக் மார்க்கெட்டிலிருந்து வரும். புளி மட்டும் இன்னும் ஊரிலிருந்துதான். குழம்பு நான் வைப்பேன். பாத்திரம் கழுவுவது அவர். ராத்திரி விரிப்பு மடிப்பதும் அவர்தான். நான்கு முனையும் சரியாக வரும்வரை விடமாட்டார்.

மலையில் நான் தனியாகச் செய்துவந்த வேலையைத்தான் இப்போது இரண்டுபேரும் சேர்ந்து செய்கிறோம். அதே சோறு, அதே படுக்கை, அதே மருந்துச் சீட்டு. அன்று எனக்குக் கிடைக்காத பெயர், அவர் கை பட்டதும் இந்த வேலைக்குக் கிடைத்துவிட்டது. விருந்தோம்பல் ஊழியம் என்று அச்சடித்த கடிதத்தில் போடுகிறார்கள். எனக்குச் சந்தோஷம்தான். கோபமும் இருக்கிறது.

எங்கள் வீட்டுக்கு வருகிறவர்களை, நேரம் இருந்தால், செராம்பூருக்கு அழைத்துப் போவோம். ஹவுராவிலிருந்து லோக்கலில் முக்கால் மணி நேரம் இருக்கும். கம்பெனி ஆட்சி மிஷனெரிகளை அனுமதிக்காத காலத்தில் டேனிஷ்காரர்களின் அந்த ஊர்தான் ஆங்கில மிஷனெரிகளான கேரி, மார்ஷ்மன், வார்ட் மூவருக்கும் இடம் கொடுத்தது. எல்லோரும் கேரியின் கல்லறையைத்தான் கேட்பார்கள். நான் ஹன்னா மார்ஷ்மனைப் பற்றிச் சொல்வேன். 1799இல் கணவர் ஜோஷுவாவுடன் வந்து இறங்கியவர். அடுத்த வருடமே இருவரும் சேர்ந்து, பிள்ளைகள் தங்கிப் படிக்கும் பள்ளியைத் தொடங்கினார்கள். அந்தப் பள்ளியின் வருமானம் மிஷனைத் தாங்கிய தூண்களில் ஒன்று. எல்லாக் குடும்பத்துக்கும் ஒரே பந்தி, ஒரே பணப்பெட்டி என்று அவர்கள் வாழ்ந்தார்கள். அந்தப் பந்திக்குப் பின்னால் ஒரு சமையலறை இருந்திருக்குமல்லவா? ஹன்னா 12 பிள்ளைகள் பெற்று, பாதிக்கு மேல் பறிகொடுத்தவர். கேரியின் மனைவி டாரதி, வர மனமில்லாமல் வந்து, வந்த அடுத்த வருடமே ஐந்து வயது மகன் பீட்டரை இழந்து, மனம் பேதலித்துப்போனார். 1807இல் இறக்கும்வரை மீளவில்லை. அடுத்த அறையில் கணவர் வேதத்தை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார். தாயின் கவனிப்பு இல்லாமல் போன கேரியின் பையன்களை ஹன்னா தன் பிள்ளைகளோடு சேர்த்துக்கொண்டார். கேரியின் பெரிய வேலையை நான் மதிக்கிறேன். ஆனால் டாரதியின் கதையை மட்டும் என்னால் வேகமாகச் சொல்லிக் கடந்துபோக முடிவதில்லை.

அதே செராம்பூரில்தான், கேரியின் நூலகத்தில், 1905 கிறிஸ்துமஸ் அன்று தேசிய மிஷனெரி சங்கம் உருவானது. அதற்கு முன்நின்றவர் நம் ஊர் வேதநாயகம் அசரியா. அதற்கு இரண்டு வருடம் முன்பு, 1903இல், பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கவும் அவரே காரணம். வெள்ளைக்காரர் வந்து சொன்னது போதும், இனி நாமே போவோம் என்ற துணிச்சல் அது. போன இடம் நிஜாம் ராஜ்யத்தில் தோர்ணக்கல், தெலுங்கு நாடு. திருநெல்வேலிக்காரருக்கு அன்று அது வெளிதேசம்தான். அவர் மனைவி அன்பு மரியம்மாள் அந்தக் காலத்திலேயே கல்லூரிக்குப் போனவர்; தோர்ணக்கலில் கணவரோடு கூடவே உழைத்தவர். இந்திய மிஷனெரி சங்கத்துக்குப் பணம் எங்கிருந்து வந்தது? உலையில் போட அரிசி அளக்கும்போது, பெண்கள் ஒரு கைப்பிடி எடுத்துத் தனிப் பானையில் போட்டுவைத்த அரிசியிலிருந்தும்தான். என் பாட்டி போட்டதை நான் பார்த்திருக்கிறேன். குறைவாகச் சோறு இருந்த நாளிலும் அந்தக் கை தவறியதில்லை.

இந்தக் கல்கத்தாவிலேயே இன்னொரு தம்பதி. கனடாவைச் சேர்ந்த மார்க் பண்டெயினும் ஹல்டாவும் 1954இல் கைக்குழந்தையோடு கப்பலில் வந்தார்கள். பசித்தவர்களுக்குச் சோறு போடுவதில் ஆரம்பித்தது, பள்ளியாகி, 1977இல் பார்க் ஸ்ட்ரீட்டில் ஆஸ்பத்திரியாகவும் ஆனது. 1989இல் மார்க் இறந்ததும் ஹல்டா அந்தப் பொறுப்பை ஏற்று நடத்தினார். அத்தனை வருடம் அவர் கூடவே இருந்து எதைத் தாங்கிப் பிடித்தார் என்பது கணவர் போன பிறகுதான் பலருக்குத் தெரிந்திருக்கும். அவ்வளவு காலம் காத்திருக்க வைக்கவேண்டுமா என்பதுதான் என் கேள்வி.

கரியாஹாட் எங்களை எப்படி நடத்துகிறது என்பதையும் சொல்லவேண்டும். துர்கா பூஜை நாட்களில் ஏக்டாலியா, சிங்கி பார்க் பந்தல்களைப் பார்க்க ஊரே இங்கு திரளும். வண்டி எதுவும் நகராது. ஒரு அஷ்டமி ராத்திரி எங்கள் வீட்டிலிருந்த நோயாளிக்கு மூச்சு வாங்கியது. மூங்கில் தடுப்பைப் பிடித்து நின்ற பூஜைப் பையன்கள், நாங்கள் யார், என்ன மதம் என்று தெரிந்தவர்கள், விசில் ஊதிக் கூட்டத்தை இரண்டாகப் பிளந்து, நாற்காலியோடு அவரைத் தூக்கி மேம்பாலத்துக்கு அந்தப்பக்கம் நின்ற வண்டியில் ஏற்றினார்கள். மறுநாள் கீழ்வீட்டு மாசிமா, "ஆள் எப்படி இருக்கிறார்?" என்று கேட்டுக்கொண்டு வந்தார். மலையில் இருந்தபோது நாங்கள் கொடுக்கிறவர்கள், மற்றவர்கள் வாங்குகிறவர்கள் என்றே இருந்தோம். வாங்கத் தெரிந்துகொண்டது இங்கேதான்.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டு இதைச் சொல்லாமல் விடமுடியாது. எங்கள் மகளை ஐந்து வயதில் தமிழ்நாட்டு ஹாஸ்டலில் விட்டோம். அடுத்து மகனையும். மலையில் பள்ளிக்கூடம் இல்லை. பணித்தளத்தில் எல்லோரும் அப்படித்தான் விட்டார்கள். அவர்களிடமிருந்து வரும் கடிதங்களில் "நான் நலம், நீங்கள் நலமா" என்பதற்கு மேல் எதுவும் இருக்காது. இப்போது இருவரும் வெளிநாட்டில். தினமும் வீடியோவில் பேசுகிறோம். மகள் தன் பிள்ளையைப் பள்ளி வாசலில் விட்டுவிட்டு, காரிலிருந்தே, அவன் கண்ணிலிருந்து மறையும்வரை எங்களோடு பேசாமல் பார்த்துக்கொண்டிருப்பாள். நான் ஒன்றும் கேட்கமாட்டேன்.

போன ஜூனில் ஏழு வயதுப் பிள்ளை ஒருத்தி டிரங்குப் பெட்டியோடு வந்தாள். மறுநாள் ஷாலிமாரில் கோரமண்டல். அழவில்லை. "ஆன்ட்டி, சென்னை போகிறவரை அவிழாத மாதிரி ரெட்டைச்சடை போட்டுவிடுவீங்களா?" என்று மட்டும் கேட்டாள். என் கணவர் உடனே இறங்கிப்போய் நடைபாதைக் கடையில் நீல ரிப்பன் வாங்கிவந்தார். எண்ணெய் தடவி, சிக்கெடுத்து, வகிடு நேராக எடுத்து, இறுக்கிப் பின்னி, நுனியில் மடித்துக் கட்டினேன். நெடுநேரம் ஆனது. எனக்கு முடிக்க மனமில்லை. ஐந்து வயதுக்குப் பிறகு என் மகளுக்கு யார் சடை பின்னினார்கள் என்று எனக்குத் தெரியாது.

மாத அறிக்கை இப்போது கைபேசியில்தான் அனுப்பவேண்டும். கூட்டங்கள் எத்தனை, சந்தித்த வீடுகள் எத்தனை, ஞானஸ்நானம் எத்தனை என்று கட்டங்கள் இருக்கும். அந்த மாதம் என் கணவர் எல்லாவற்றையும் காலியாக விட்டு, கடைசியில் "இதர" என்ற இடத்தில் தட்டினார்: மீன், விரிப்பு, தட்கல், ஓபிடி, சடை. ஆபீஸிலிருந்து ஒரு தம்பி போன் பண்ணினார். "ஐயா, ஊழிய விவரம் வரலையே?"

"அதுதான் விவரம் தம்பி. அனுப்புகிறவர் பெயருக்கு ஒரு கட்டம்தான் வெச்சிருக்கீங்க. இரண்டு போடுங்க."

கமிட்டியில் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். கமிட்டி அடுத்த மாதம் கூடுகிறது. நானும் தனியாக ஒரு கடிதம் அனுப்பியிருக்கிறேன். இப்போது மலையில் இருக்கும் இளம் மனைவியர் ஒவ்வொருவரின் பெயரையும் அதில் எழுதி, என்ன படித்திருக்கிறார், தினம் என்ன வேலை செய்கிறார் என்று பக்கத்திலேயே குறித்திருக்கிறேன். அவர்கள் பெயரில் தனிப் படி, தனி ஓய்வுத்தொகை, பிள்ளைகளை உடன் வைத்துப் படிக்கவைக்க ஏற்பாடு, இந்த மூன்றையும் கேட்டிருக்கிறேன். கீழே என் பெயரையும் அவர் பெயரையும் போட்டோம். என் பெயர் முதலில் இருக்கட்டும் என்றார் அவர்.