மாப்ளே, மொதல்ல படிக்கம் எங்கேன்னு பாரு

மிலான் தோல் கண்காட்சிக்குக் கம்பெனி உன்னை அனுப்புதாமே, மாப்ளே. ஆம்பூர் பஸ் ஸ்டாண்டுல ஆரம்பிச்சு தெருமுனை வரைக்கும் நீயே சொல்லிகினு வந்துட்டே. நான் புதுசா இன்னா கேக்கப் போறேன்? ஆனா கண்காட்சி முடிஞ்சதும் அந்த இத்தாலிக்காரங்க அர்சிஞ்ஞானோவுக்குக் கூட்டிகினு போவாங்க பாரு, அதுக்குத்தான் உன்னை உக்கார வச்சிருக்கேன். விசென்சா பக்கம், கியாம்போ ஆத்தோரம், திரும்பின பக்கமெல்லாம் டேனரி. மூக்கை மூடிக்காதே; மூடினா வாணியம்பாடிக்காரன்னு சொன்னதை நம்ப மாட்டாங்க.

சாயங்காலம் ஆச்சுன்னா வந்தவங்களைக் கார்ல ஏத்திக்குவாங்க. முக்கா மணி நேரத்துல சோவாவே. மேல கோட்டை, கீழே திராட்சைத் தோட்டம். அங்க பியரோப்பான்னு ஒரு குடும்பம். 1880-ல ஆரம்பிச்ச தொழில், இன்னும் அதே குடும்பத்துக் கையிலதான். வெள்ளை ஒயினுக்குப் பேர் போனவங்க.

நீ இன்னா பண்ணுவேன்னு எனக்குத் தெரியாதா? கிளாஸைத் தூக்கி ஒரு செல்பி. அப்புறம் யூடியூப்ல பாத்தபடியே கண்ணை மூடிகினு "எலுமிச்சை, பச்சை ஆப்பிள்"னு முனகல். நாலு தலைமுறையா திராட்சைப் பழத்தைப் பிழியறவனுக்கு நீ பழம் சொல்லித் தரப் போறே!

நீ தோல்காரன் வூட்டுப் புள்ளை. கடுக்காயைக் கடிச்சுப் பாத்திருக்கியா? வாயெல்லாம் இழுத்துப் பிடிக்குமே, அதான் டேனின். ஆவாரம்பட்டை, வாட்டில் பட்டை, கடுக்காய்னு குழியில ஊறப்போட்டு, பச்சைத்தோல் அழுகாம உன் தாத்தா பதம் பண்ணினது அதை வச்சுத்தான். தோல்ல இருக்கிற புரதத்தைக் கெட்டியா பிடிச்சிக்கிற சரக்கு, நாக்குல எச்சிலோட புரதத்தையும் விடாது. அதான் வாய் வறண்டு போவுது. சிவப்பு ஒயினைத் திராட்சைத் தோலோட, கொட்டையோட போட்டுப் புளிக்க வைக்கிறாங்க. துவர்ப்பு இறங்கிடும், சின்னச் சின்னக் குறையெல்லாம் அதுக்குள்ள ஒளிஞ்சிக்கும். வெள்ளைக்கு அந்த வசதி கிடையாது. பழத்தைப் பிழிஞ்ச கையோட தோலைத் தள்ளிடுவாங்க. அதனால வெள்ளை ஒயின்ல புளிப்பையும் வாசத்தையும் பாரு, குடிச்சப்புறம் எவ்ளோ நேரம் வாயில நிக்குதுன்னு பாரு. ரொம்பச் சில்லுன்னு இருந்தா வாசமே வராது. ஐஸ் கட்டி கேட்டுத் தொலைக்காதே.

கால்வரினோன்னு ஒண்ணு ஊத்துவாங்க. எரிமலைக் கருங்கல் மண்ணுல வெளஞ்ச கார்கனேகாத் திராட்சை, கூடவே கொஞ்சம் திரெபியானோ. மரப்பீப்பாய் கிடையாது, உள்ளே கண்ணாடி பூசின சிமென்ட் தொட்டியிலதான் புளிக்குது. தொட்டியைப் பாத்ததும் நம்ம குழி ஞாபகம் வரும், எட்டிப் பாத்துடாதே. கடைசியில நாக்குல பாதாம் கசப்பு லேசா வரும். வந்தா தலையை ஆட்டு. வரலைன்னாலும் ஆட்டு.

மேசையில ஒரு சின்ன வாளி இருக்கும். ஐஸுக்கு இல்ல, கை கழுவவும் இல்ல, அது படிக்கம். ருசி பாத்துட்டுத் துப்பணும். உனக்கு அது வராது, எனக்கும் வரலை. நம்ம வடஆர்க்காட்டுக்கு மதுவிலக்கு வந்தது 1939-ல, சேலத்துக்கு ரெண்டு வருஷம் பின்னாடி. அதுல இருந்து நம்ம ஆளுங்க குடிச்சதெல்லாம் போலீஸ் வர்றதுக்குள்ள ஒரே மடக்குதான். நடுவுல பொறுமையா உறிஞ்ச கள்ளுன்னு ஒண்ணு இருந்தது, அதையும் 1987-ல நிறுத்திட்டாங்க. அப்புறம் நாக்குக்கு எங்கே பழக்கம் வரும்? உங்க முதலாளி தொடவே மாட்டாரு. அவர் பாக்கிறப்ப நீ ரெண்டாவது கிளாஸுக்குக் கையை நீட்டாதே.

ஒரு விஷயம் மட்டும் காது குடுத்துக் கேளு. 1968-ல சோவாவேங்கிற ஒயின் பேருக்கு அரசாங்க முத்திரை கெடைச்சுது. ஒடனே சமவெளிக் காட்டையெல்லாம் சேத்துகினாங்க, கொடியை இஷ்டத்துக்குக் காய்க்க விட்டாங்க, தண்ணியாட்டம் ஒயின் கப்பல் கப்பலா போச்சு. பேரு நாறிப்போச்சு. பியரோப்பான் குடும்பம் மேட்டு நிலத்தை விடலை. 1971-ல கால்வரினோங்கிற அந்த ஒரு சரிவோட பேரையே பாட்டில் மேல போட்டாங்க. 1978-ல கோட்டையடியில இருக்கிற சுண்ணாம்பு மண்ணுக்கு லா ரொக்கான்னு இன்னொண்ணு. அது மரப்பீப்பாய்ச் சரக்கு.

இப்ப உன் கம்பெனி தைக்கிற ஷூவோட நாக்கைத் தூக்கிப் பாரு, யார் பேரு போட்டிருக்கு? நம்ம பட்டைத்தோலுக்கு ஈஸ்ட் இண்டியா லெதர்னு புவிசார் குறியீடு வாங்கி வச்சிருக்கோம். முழிக்காதே, நிஜம்தான். அர்சிஞ்ஞானோக்காரன் அதைப் பத்திக் கேட்டுட்டான்னா, "பச்சை ஆப்பிள்"னு சொல்லித் தப்பிச்சிக்க முடியாது.

வர்றப்ப ஏர்போர்ட்டுல ரெண்டு லிட்டர் வரைக்கும் கேள்வி கேக்க மாட்டாங்க. முக்கா லிட்டர் பாட்டில் ரெண்டுக்கு மேல கட்டாதே. ஒண்ணு கால்வரினோ, இன்னொண்ணு லா ரொக்கா. எதை யார்கிட்டக் குடுக்கணும்னு, உங்க அத்தை சந்தைக்குப் போனதும் சொல்றேன்.